ஏழாம் ஆணி

தவராசாவின் காலை உடைத்தவன் நான்தான்.

கல்லு பெயர்ந்து விழுந்தான் என்று ஊர் சொல்கிறது. தன் கைப்பிழையால் விழுந்தேன் என்று தவராசா சொல்கிறான். இரண்டும் பொய். முதலாவதை நான் மறுக்காமல் விட்டேன். இரண்டாவதை நானே அவன் வாயில் வைத்தேன். மூன்று வருடமாக அவன் அதை நம்பிக்கொண்டிருக்கிறான்.

இதை அவனிடம் சொல்லவேண்டிய நான் உங்களிடம் சொல்கிறேன். ஏன்? நீங்கள் அந்தப் பாறையில் தொங்கியவர் அல்ல என்பதால்தான். உங்கள் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை. கோழைக்கு இந்த வசதி போதும்!

எனக்குக் கல்முனையில் அலுமினியக் கதவு, யன்னல் பொருத்தும் கடை. தவராசாவை நாங்கள் தவம் என்றுதான் கூப்பிடுவோம். வினாயகபுரத்து மீன்பிடிக் குடும்பத்து ஆள். ஃபைபர் தோணிகளைக் கட்டுவதும் திருத்துவதும் அவன் தொழில். அந்தக் கரை முழுக்க அவனுடைய கைக்கு ஒரு பெயர் இருந்தது. தவம் துளைத்துப் பூட்டிய எஞ்சின் எந்த அலையிலும் அசையாது என்பார்கள். நான் கெடுத்தது அவன் காலை மட்டும் அல்ல, அந்தப் பெயரையும்தான். ஊர் இன்னும் அந்தப் பெயரை மறக்கவில்லை. அவன்தான் அதை நம்புவதை விட்டுவிட்டான்.

நானும் அவனும் டுபாயில் பழகினோம். ஐந்து வருடம் உயரக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைத்தோம். அவன் உயிர் என் முடிச்சில், என் உயிர் அவன் முடிச்சில். எங்களோடு வேலை செய்த நேபாளக்காரர் ஒருவர் பாறை ஏறுவதில் பைத்தியம். விடுமுறை நாட்களில் எங்களையும் மலைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பைத்தியம் எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. ஊர் திரும்பியபோது மற்றவர்கள் தொலைக்காட்சியும் தங்கமும் கொண்டுவர, நாங்கள் கயிறும் கொளுக்கியும் இடுப்புப் பட்டியும் கொண்டுவந்தோம். என் உம்மா அந்தப் பையைத் திறந்து பார்த்துவிட்டு, மாடு கட்டவா என்று கேட்டார்.

அந்தப் பாறையைக் கண்டது நான். மேற்கே வயல்களெல்லாம் முடிந்து, காடு தொடங்கி, காட்டுக்குள்ளே ஓர் ஆறு வளைந்து போகும் பள்ளத்தாக்கு அது. யானையும் மானும் தவிர வேறு யாரும் போகாத இடம். ஆற்றுக்கு அப்பால் ஒரே கல்லாக எழுந்து நின்றது. நடுவில் மட்டும் கர்ப்பிணியின் வயிறு போல ஒரு புடைப்பு. அதில் இதுவரை ஒருவரும் ஏறியதில்லை. பார்த்த அன்றைக்கே அது என் பாறை என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன். எவ்வளவு பெரிய ஆசை... எவ்வளவு சின்ன மனிதன்!

பாறை ஏறுவதைப் பற்றி அறியாதவராக நீங்கள் இருக்கலாம். ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன். புதிதாக ஓர் ஏறுவழி போடுகிறவர்கள் முதலில் சுற்றுப்பாதையால் உச்சிக்குப் போய், கயிற்றில் இறங்கி இறங்கிப் பாறையைத் துளைத்து ஆணி பூட்டுவார்கள். ஆணி என்றால் சுவரில் படம் மாட்டும் ஆணி அல்ல. துளைக்குள் போய் விரிந்து பிடிக்கிற கனமான போல்ட். பிறகு ஒருவர் கீழிருந்து, கையையும் காலையும் மட்டுமே நம்பி, ஒவ்வோர் ஆணியிலும் கயிற்றைக் கொளுவிக்கொண்டு ஏறுவார். ஆணி ஏறுவதற்கு உதவாது. விழும்போது தாங்குவதற்குத்தான் அது. முதலில் அப்படி ஏறி முடிக்கிறவருக்கே அந்த வழி சொந்தம். பெயர் வைக்கும் உரிமையும் அவருக்குத்தான்.

மாரிமழை ஓய்ந்து பாறை காயவேண்டும். பெரும்போக அறுவடை முடிந்து டிராக்டர் ஓய்வாக வேண்டும். இரண்டும் கூடிவந்தபோது நோன்பு மாதமும் கூடவே வந்துவிட்டது. பெருநாள் முடியப் போகலாம் என்றான் தவம். நான்தான் கேட்கவில்லை. காட்டு அலுவலகத்தில் அனுமதி எடுத்தாயிற்று, இனித் தள்ள முடியாது என்றேன். சவளக்கடையில் டிராக்டர் வைத்திருக்கும் காதர் காக்கா எங்களைக் காட்டு ஓரம் வரை கொண்டுபோய் விட்டார். மூன்றாம் நாள் பகலில் வந்து ஏற்றுவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார். அங்கிருந்து இரண்டு மணி நேர நடை.

முதல் நாள் நோன்போடு சாமான் சுமந்ததில் கழிந்தது. இரண்டாம் நாளும் விடியமுன் எழும்பி, சஹர் சாப்பாடு சாப்பிட்டு, நோன்பு பிடித்தேன். தவம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நோம்போட வெயில்ல தொங்காத மச்சான். பயணத்தில இரிக்கிறவன் விடலாம், மறுகா பிடிக்கலாம் எண்டு டுபாய்ல நீதானே சொன்ன?"

ஓம், சொன்னது நான்தான். மார்க்கம் எனக்கு அந்தச் சலுகையைத் தந்திருந்தது. அதை நான் எடுக்கவில்லை. பக்தியாலா? அப்படிச் சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். நோன்போடு பாறை துளைத்தவன் என்று கல்முனைச் சந்தியில் பெயர் எடுக்க ஆசைப்பட்டேன். இறைவனுக்கான பசியை என் விளம்பரத்துக்குச் செலவழித்தேன்!

காலையில் தவம் உச்சியிலிருந்து இறங்கித் துளைத்தான். பதினொரு ஆணி பூட்டுவது திட்டம். மேலே இருந்த நான்கும் அவனுடையவை. அவன் வேலையைப் பார்க்க அழகாக இருக்கும். துளைப்பான், தூசியை ஊதுவான், ஆணியை வைத்துத் தட்டிவிட்டுக் காதைப் பாறையில் வைத்துக் கேட்பான். புடைப்புக்கு மேல் வரை முடித்துவிட்டு, கை சோர்ந்துவிட்டது என்று கீழே இறங்கினான். வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் என் முறை வந்தது.

கீழிருந்து எண்ணினால் ஏழாவது ஆணி. அதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன்... வேறெதையும் மறந்தாலும் அதை மறக்க முடியாது. புடைப்பின் அடியில், உடம்பை வளைத்துக்கொண்டு, தலைக்கு மேல் துளைக்க வேண்டிய இடம். பாறைத்தூள் கண்ணில் விழுந்தது. நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. பாதித் துளையில் மெசின் முனகி நின்றுவிட்டது. பெட்டரி முடிந்துவிட்டது.

நிறைந்த பெட்டரி கீழே நிழலில் இருந்தது. தவம் அதைக் கயிற்றில் கட்டிவிட்டால் நான் மேலே இழுத்துக்கொள்ளலாம். குனிந்து பார்த்தேன். தவத்தைக் காணவில்லை. எங்கே போனான் தெரியுமா? ஆற்றங்கரைக் கற்களுக்குப் பின்னால் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். அவன் நின்ற இடத்திலேயே போத்தல் நிறையத் தண்ணீர் இருந்தது. நோன்பாளியின் கண்ணெதிரே குடிப்பது முறையல்ல என்று, அந்த இரண்டு நாளும் ஒவ்வொரு மிடறுக்கும் அவன் மறைவைத் தேடிப் போனான். டுபாயிலும் அப்படித்தான். நான் ஒருநாளும் கேட்டதில்லை, அவனும் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

கூப்பிட்டிருக்கலாம். பொறுத்திருக்கலாம். பத்து நிமிடத்தில் வந்திருப்பான். ஆனால் என் தலை சுற்றியது. இந்த வளைந்த நிலையிலிருந்து எப்படியாவது கீழே போய்விட வேண்டும் என்ற ஒரே நினைப்பு. இடுப்புப் பைக்குள் கையை விட்டேன். கடையில் யன்னல் சட்டம் பூட்டுகிற சின்னப் போல்ட் ஒன்று கையில் அகப்பட்டது. பருமன் அதேதான். நீளம் பாதி.

நான் வைத்திருந்த பாதித் துளைக்கு அது அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தியது. நட்டை முறுக்கினேன். வெளியே பார்த்தால் மற்ற ஆணிகளுக்கும் அதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை. கையால் இழுத்துப் பார்த்தேன், பிடித்தது. கைக்குப் பிடிப்பது வேறு, விழும் மனிதனைத் தாங்குவது வேறு. இருபது வருடமாகத் துளை போடுகிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். நாளைக்கு மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த ஆணிக்கு நான் இறங்கியபோது தவம் வந்து பெட்டரியைக் கட்டி அனுப்பினான். மிச்ச ஆறு ஆணியையும் ஒழுங்காகப் பூட்டினேன்.

அன்றைய நோன்பு திறக்கத் தவம் கஞ்சி காய்ச்சினான். காட்டில், கல்லடுப்பில், ஒரு இந்துப் பிள்ளை எனக்காக நோன்புக் கஞ்சி காய்ச்சினான்! இஞ்சியும் பூண்டும் வினாயகபுரத்திலிருந்தே பொதி கட்டிக் கொண்டுவந்திருந்தான். உப்புச் சரிதானா என்று இரண்டு தரம் கேட்டான். அந்தக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். ஒரு வசனம் போதும்... "மச்சான், ஏழாவது ஆணி சரியில்ல." சிரித்திருப்பான். நோன்பைப் பற்றி நாலு வார்த்தை கேலி செய்துவிட்டு, அடுத்த நாள் விடியவே அதைக் கழற்றி மாற்றியிருப்பான்.

அந்தக் கேலிக்குத்தான் பயந்தேன். வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

இனிச் சொல்லப்போவதைத்தான் இத்தனை நேரமாகத் தள்ளிக்கொண்டு வருகிறேன்.

மூன்றாம் நாள் காலை. முதலில் ஏறவேண்டியவன் நான். பாறையைக் கண்டவனுக்கே முதல் ஏற்றம் என்பது நாங்கள் முன்பே பேசிவைத்தது. கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு மேலே பார்த்தேன். புடைப்பைப் பார்த்தேன். அதன் அடியில் வெயில் பட்டு மின்னிய ஏழாவது ஆணியைப் பார்த்தேன். முடிச்சை அவிழ்த்தேன்.

"நீ முதல்ல ஏறு மச்சான்."

"நானா? மலையக் கண்டது நீ. இது உன்ட ஏத்தம்."

"ஆர் ஏறினா என்ன? நீ ஏறு."

அவன் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாழ்நாளில் யாரும் அவனுக்கு எதையும் விட்டுக்கொடுத்ததில்லை என்பது போல என் தோளைப் பிடித்துக்கொண்டான். நான் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினேன். ஆட்டினேன்... அந்தத் தலையை!

நான் ஏறப் பயந்த ஆணிக்கு என் கூட்டாளியை ஏற்றி அனுப்பினேன். சின்ன ஆணியை வைத்தது களைப்பு என்று சொல்லலாம். சொல்லாமல் விட்டது வெட்கம் என்று சொல்லலாம். இதற்கு என்ன பெயர் சொல்வது? அவன் விழமாட்டான், அவன் என்னிலும் கெட்டிக்காரன் என்று நினைத்தேன். ஓம், அப்படித்தான் நினைத்தேன். ஆனால் விழமாட்டான் என்று அத்தனை நிச்சயமாக இருந்தவன், கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏன் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றேன்?

ஆறு ஆணி வரை பூனை மாதிரி ஏறினான். ஏழாவதில் கயிற்றைக் கொளுவினான். அவன் புடைப்பைத் தாண்டக் கையை எட்டிப் போட்டான். விரல் வழுக்கியது.

கயிறு ஒரு கணம் இறுகியது. பிறகு சடக்கென்று ஒரு சத்தம், மீண்டும் தொய்ந்தது. ஆறாவது ஆணி பிடித்தது. ஆனால் அதற்குள் அவன் கீழிருந்த கல் விளிம்பில் வலது காலால் மோதிவிட்டான். குதிகால் நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

இறக்கினேன். அவன் கயிற்றிலேயே அந்தச் சின்ன ஆணி கொளுக்கியோடு தொங்கிக்கொண்டு வந்தது. அவன் கண்ணை மூடி முனகிக்கொண்டிருந்தான். நான் முதலில் செய்தது என்ன? அவன் காலைப் பார்க்கவில்லை. ஆணியைக் கழற்றி ஆற்றில் எறிந்தேன். பிறகுதான் காலைப் பார்த்தேன்.

ஆற்றில் தண்ணீர் அள்ளிக் குடித்து நோன்பை விட்டேன். அவனை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தேன். வரும்போது இரண்டு மணி நேரமான வழி, திரும்பும்போது ஐந்து மணி நேரமானது. காதர் காக்கா காட்டு ஓரத்தில் காத்திருந்தார். என்னைக் கண்டதும் அழுதுவிட்டார். அவர் சொல்லித்தான் ஊருக்குப் பரவியது. கூட்டாளிக்கு முதல் ஏற்றத்தை விட்டுக்கொடுத்தவன், விழுந்தவனை முதுகில் சுமந்து காட்டைக் கடந்தவன்! முகநூலில் என் படம் போட்டார்கள். தமிழனும் முஸ்லிமும் இப்படி இருக்கவேண்டும் என்று எழுதினார்கள். பள்ளிவாசலில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் குலுக்கக் கொடுத்தேன்.

சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் தவம் என்னைக் கிட்டக் கூப்பிட்டான். அவன் மனைவி மாலினி கட்டிலின் மறுபக்கம் நின்றாள். துளைக்கும் வேலையை நாங்கள் கைமாற்றிய இடம் புடைப்புத்தான் என்பது அவனுக்கு நினைவிருந்தது. அதற்கு மேல் எல்லாம் குழம்பிக் கிடந்தது.

"அந்த ஆணி... நான் அடிச்சதா, நீ அடிச்சதா?"

மாலினி என்னைப் பார்த்தாள். நான் கட்டிலின் காலைப் பார்த்தேன்.

"உன்ட கடைசி ஆணி மச்சான்."

"ஓம்," என்றான். "அப்பவே எனக்குக் கை சோந்து போச்சி." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலம் நீ ஏறவில்லை என்றான். உனக்கு ஏதும் நடந்திருந்தால் உன் உம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றான்.

யோசித்துப் பாருங்கள்... அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான்!

கால் பொருந்திவிட்டது. நொண்டுகிறான், ஆனால் நடக்கிறான். பொருந்தாதது வேறொன்று. ஊருக்கு வந்த பிறகு அவன் துளைக்கும் மெசினைத் தொடவில்லை. ஃபைபர் ஒட்டுவான், சாயம் பூசுவான். ஆணி பூட்டுகிற வேலை வந்தால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறான். அவன் முன்பு பூட்டிய தோணிகளின் சொந்தக்காரர்களிடம் தேடிப் போய், எஞ்சினைக் கழற்றி வேறொருவரைக் கொண்டு பூட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறான். அவர்கள் சிரித்தார்களாம். இவன் சிரிக்கவில்லை. அவரின் கண்ணுக்கு அவரின் கையே எதிரியாகப் போய்விட்டது என்று மாலினி என்னிடம் சொன்னாள். என்னிடமல்லாமல் வேறு யாரிடம் சொல்வாள்? நான்தானே அவர்களுக்கு நெருங்கியவன்!

அடுத்த வருடம் நான் தனியே போய் ஏழாவது ஆணியைச் சரியான நீளத்தில் பூட்டினேன். பிறகு வேறொருவரைக் கயிறு பிடிக்கவைத்து அந்த வழியை ஏறி முடித்தேன். அதற்குத் 'தவம் வழி' என்று பெயர் வைத்தேன். அதற்கும் பாராட்டினார்கள்.

அன்று விட்ட நோன்பைப் பின்னொரு நாள் பிடித்துக் களாச் செய்துவிட்டேன். ஒருநாள் பட்டினியோடு அந்தக் கணக்குத் தீர்ந்தது. ஆனால் மனிதனுக்குச் செய்த தீங்கை அந்த மனிதன் மன்னித்தால்தான் உண்டு என்பது எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவன் மன்னிக்க வேண்டுமானால் முதலில் அவனுக்குத் தெரிய வேண்டும். ஐந்து நேரமும் கையேந்துகிறேன், அந்த ஒரு இடத்தில் என் துஆ நின்றுவிடுகிறது.

இந்த வருடம் மழை விட்டதும் தவத்திடமிருந்து தொலைபேசி வந்தது. மாலினியின் தம்பி ரூபன் புதுத் தோணி எடுத்திருக்கிறான். உடம்பு வேலை முழுக்கத் தவமே செய்துவிட்டான். எஞ்சின் பூட்டுவது மட்டும் மிச்சம்.

"நாலு ஓட்டை மச்சான். உன்ட கையால அடிச்சித் தா. என்ட கைய நம்பி அந்தப் பொடியனக் கடலுக்கு அனுப்ப எனக்கு ஏலா."

போனேன். வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன காரணம் இருந்தது?

கடற்கரையில் தோணி மணலில் கிடந்தது. வீட்டிலிருந்து நீட்டி எடுத்த மின்வயரைத் தவம் கையில் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி என் பின்னால் வந்தான். அளந்து குறி போட்டதும் அவன்தான். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. அந்தக் கைக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதை என் கண்ணாலேயே கண்டேன். மெசினை அவன் பக்கம் நீட்டி, நீயே போடு என்றேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. மாலினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ரூபன் தோணியைத் தடவிக்கொண்டு நின்றான். நான் வாயைத் திறந்தேன்.

"என்ன மச்சான்?" என்றான் தவம்.

கண்ணில் தூசு விழுந்துவிட்டது என்றேன். மெசினின் விசையை அழுத்தினேன்.

நான்கு துளையும் போட்டேன். என் வாழ்க்கையில் இத்தனை கவனமாக நான் எதையும் துளைத்ததில்லை. ஆழத்தை அளந்தேன், தூசை ஊதினேன், நான்கு போல்ட்டையும் முழு நீளத்துக்கு இறக்கி முறுக்கினேன். தவம் குனிந்து ஒவ்வொன்றையும் தொட்டு அசைத்துப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை. நிமிர்ந்து ரூபனிடம், இனிப் பயமில்லாமல் போகலாம் என்றான். பிறகு தன் உள்ளங்கைகளை விரித்து ஒரு கணம் பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டான்.

நான் கவனித்தேன்.

அந்தத் தோணி ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போய் வருகிறது. எஞ்சின் அசையவில்லை என்று தவம் கிழமைக்கு ஒருதரம் எனக்குத் தொலைபேசியில் சொல்கிறான். உன்னுடைய கை கைதான் மச்சான் என்கிறான். நான் ஓம் என்கிறேன்.